அழுக்குக்கு ஒரு விலை

எங்கள் வீட்டு முதல் மீன் தொட்டிக்கு ஃபில்டர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இரண்டு முழம் ரப்பர் குழாயும் அப்பாவின் மூச்சும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயை வாயில் வைத்து இழுப்பார். ஒரு வாய் உள்ளே போகும், காறித் துப்புவார், மீதி வாளியில் விழும். கால்வாசித் தண்ணீரை வடித்துவிட்டு, முந்தின நாளே குடத்தில் பிடித்து வைத்ததை ஊற்றுவார். ஏன் ஒரு ராத்திரி வைக்க வேண்டும் என்று கேட்டால், "புதுத் தண்ணி மீனுக்கு ஆகாதுடா" என்பதோடு விளக்கம் முடிந்தது. குளோரின் பறந்துபோவதற்காக என்பது பிற்பாடு தெரிந்த விஞ்ஞானம். கப்பி மீன்கள் எதற்கும் அசராமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

இப்போது மகனோடு சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனால், மீனைப் பார்ப்பதற்கு முன்பே ஃபில்டர்கள் வழிமறிக்கின்றன. கண்ணாடி விளிம்பில் தொங்குவது, உள்ளே முங்குவது, மேலே உட்காருவது, அலமாரிக்குள் ஒளியும் கேனிஸ்டர். தொட்டி 60 லிட்டர். மணிக்கு நாலைந்து தடவை சுற்றிவர 300 லிட்டர் இழுக்கும் மோட்டாரே தாராளம். கடைக்காரர் எடுத்து நீட்டியது 1,000. "பெருசாப் போட்டுட்டா ஆறு மாசத்துக்கு அந்தப் பக்கமே போக வேணாம் சார்." வாங்க வந்ததோ ஒற்றை ஃபைட்டர். மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன் அது. வேகமான தண்ணீரில் அதன் வால் ஆடிக்காற்றில் காயும் வேட்டிதான். ஏர் பம்பில் குமிழிவிட்டு ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அது கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்தது. விலை குறைச்சல் என்பதால் அதன் பெருமையைப் பேச ஆளில்லை.

மோட்டார் தண்ணீரைத் தள்ளிவிடுவதோடு சரி. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்குவது பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை வேரூன்ற ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். என் மகனுக்கோ சுத்தம் சோறு போடும் என்ற நம்பிக்கை. பழுப்பேறி வழவழத்த பஞ்சைக் குழாயடியில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து வெளுத்துவிட்டான். குளோரின் தண்ணீரில் குடித்தனமே காலி. தொட்டியிலிருந்து வடித்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும் என்பது எந்த டப்பாவிலும் பெரிய எழுத்தில் இல்லை.

நைட்ரேட்டை இந்த ஃபில்டர்கள் வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. வாளியும் குழாயும் வாராவாரம் உண்டு. உறிஞ்ச வாய்க்குப் பதில் கைப்பம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அலசி ஊற்றிய பாக்டீரியாவுக்குப் பதிலாகக் கடைக்காரர் ஒரு பாட்டில் காட்டினார். பாக்டீரியாவையே அடைத்து விற்கிறார்களாம். மகன் எக்ஸ்பயரி தேதி பார்த்து வாங்கிக்கொண்டான்.