நாற்பதடிப் பெட்டிக்குத் தனி ஃபார்முலா

ராயபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கிளியரிங் ஆபீசில் பேரேட்டை விரிக்க ஒரு மேசை போதாது. அச்சகத்தில் சொல்லிக் கட்டம் அடித்து வாங்கியது. கப்பல் பெயர், பெட்டி எண், இறங்கிய தேதி, எடுத்த தேதி, இலவச நாள், மிச்ச நாள், விகிதம், வாடகை. முதல் பக்கத்தில் எந்தக் கட்டம் எங்கே இருந்ததோ, கடைசிப் பக்கத்திலும் அங்கேயேதான் இருக்கும். ஒரு பார்ட்டிக்கு மட்டும் தள்ளுபடி உண்டு என்பதற்காக அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டத்தைச் செருக முடியாது. ஒழுக்கமாக இருந்தோம் என்று பெருமையடிக்கவில்லை. வேறு மாதிரி இருக்க வழியில்லை, அவ்வளவுதான்.

சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். அமெரிக்காவில் லோட்டஸ் 1-2-3 விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டு. பெட்டிகள் உடனே வந்துவிட்டன. லோட்டஸ் எங்கள் மாடிப்படி ஏறப் பல வருஷம் ஆனது. ஏறியதும் முதலில் கற்றுக்கொடுத்தது டாலர் குறி. முதலாளிக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது. விஷயம் வேறு. ஃபார்முலாவைக் கீழே நகலெடுத்தால் அதிலுள்ள செல் முகவரிகளும் கூடவே கீழே இறங்கும். வாடகை விகிதம் இருக்கும் செல் மட்டும் நகரக் கூடாதென்றால் அதற்கு டாலர் பூட்டு. எஃப்4 விசையைத் தட்டினால் தானாக விழும். 1979-ல் வந்த விசிகால்க் இன்னும் கறார். நகலெடுக்கச் சொன்னால் ஒவ்வொரு முகவரிக்கும் நின்று, இது நகரணுமா, அப்படியே இருக்கணுமா என்று கேட்கும். நச்சரிப்புதான். ஆனால் பதில் சொல்ல யோசித்தாக வேண்டும்.

இன்றைக்கு எக்செல் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு ஷீட்டில் 10,48,576 ரோ, 16,384 காலம் (நெடுவரிசை). எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், எழுதுகிறார்கள்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது கன்டெய்னர் சரக்கு நிலையத்தில், வேலை பார்க்கும் தம்பி, “ஒருவாட்டி பாத்துக் குடுங்க சார்” என்று லேப்டாப்பைத் திறந்தார். கலருக்குக் குறைவில்லை. கணக்கோ காசிமேட்டு மீன் ஏலம். வரிசைக்கு வரிசை வேறு கூவல்.

“நாப்பதடிக்கு மட்டும் ஃபார்முலா வேற மாதிரி இருக்கே தம்பி?”

“அது கையால ரெண்டால பெருக்கினது சார். அவசரம்.”

“இது?”

“அந்தப் பார்ட்டிக்கு மட்டும் டிஸ்கவுன்ட்டு சார்.”

பெட்டி வாடகையின்றிக் கிடக்கலாம் என்ற இலவச நாள் முடிந்ததும் வாடகை படிப்படியாக ஏறும். தம்பி, முதல் படியோடு போய்விட்ட பெட்டிக்கு ஒரு ஃபார்முலா, மூன்றாம் படிவரை கிடந்த பெட்டிக்கு இன்னொன்று எழுதியிருந்தார். விகிதம் மாறிய மாதம் இருபதடிக்காரர்கள் புது விகிதத்திலும், நாற்பதடிக்காரர்களில் பாதிப் பேர் பழைய விகிதத்திலும் பில் வாங்கினார்கள். பழைய விகிதம் வாங்கியவர்கள் யாரும் புகார் செய்யவில்லை.

மாதச் சுருக்கத்தில் இன்னும் வேடிக்கை. ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவே அழகுக்காக ஒரு காலாண்டுக் கூட்டு. ‘முந்தைய காலத்தின் பாக்கியை எடு’ என்ற ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தால், ஜூலை தன் பாக்கியாக மூன்று மாதக் கூட்டையே தூக்கிக்கொள்ளும். பக்கத்து ஷீட்டில் ஏப்ரல் வேறு காலத்தில் உட்கார்ந்திருந்தது.

மருந்து பழைய பேரேட்டில்தான் இருக்கிறது. தள்ளுபடிக்கு எல்லா ரோவிலும் ஒரு கட்டம். இல்லாதவருக்கு அதில் சுழியம். படி மூன்று என்றால் எல்லாப் பெட்டிக்கும் மூன்று கட்டம். தேவைப்படாத படியில் சுழியம் விழட்டும். சுழியத்துக்கு யாரும் வாடகை கேட்பதில்லை. விகிதங்கள் தனி ஷீட்டில், ஒரே இடத்தில். எல்லா ஷீட்டிலும் ஏப்ரலுக்கு ஒரே காலம். காலாண்டுக் கூட்டு வலது ஓரத்தில், மாதங்களின் வழியை மறிக்காமல். பிறகு ஃபார்முலா ஒன்றே ஒன்று. மேலே எழுதி, கீழே இழுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

தம்பிக்கு ஆறுதலாக ஒன்று சொன்னேன். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் நாடுகளின் கடனைப் பற்றி 2010-ல் எழுதிய கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. அவர்கள் ஷீட்டில் சராசரி எடுத்த ஃபார்முலா 20 நாடுகளில் கடைசி 5 நாடுகளைத் தொடவேயில்லை. 2013-ல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர். தம்பி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பெட்டி எடுக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. பில்லோடு எக்செல் ஷீட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆப்ஷன்ஸில் ஃபார்முலாஸ் பகுதியில் ஆர்1சி1 என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு, ஃபார்முலாக்களைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். முகவரிகள் ‘இடப்பக்கம் மூன்றாவது செல்’ என்கிற பாணிக்கு மாறிவிடும். ஒழுங்கான ஷீட்டில் வாடகைக் காலம் மேலிருந்து கீழ்வரை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். உங்கள் பெட்டியின் வரி மட்டும் வேறாக இருந்தால், காரணம் எழுத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.