சந்தையில் கிடைக்காத பழைய சாமான்

கேள்வி: பழைய பொருள் வாங்க வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குப் போகிறேன். அங்கே கிடைத்ததிலேயே மிகப் பழையது எது?
– குரோம்பேட்டை வாசகர்

பதில்: அது விலைக்கு வந்த பொருளே அல்ல! 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். கற்கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்று காட்டிய முதல் சான்று. அப்போது அவருக்கு வயது 28. அந்தப் பள்ளத்துக் கற்களை எத்தனையோ பேர் மிதித்துக் கடந்திருப்பார்கள். குனிந்து எடுத்துப் பார்த்தவர் அவர்தான். அந்தக் குனிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

சில மாதங்களில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, சென்னைக்கு வடமேற்கே உள்ள அதிரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தனர். சந்தையில் ‘பழசு’ என்று எதையும் இனி நம்பிவிடாதீர்கள்!

1888-இல் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழையும் கண்டார். சந்தை இல்லாத ஒரு நாளில் பிள்ளைகளோடு எழும்பூர் அருங்காட்சியகம் போய்வாருங்கள். ஃபூட் சேகரித்த கருவிகள் அங்கேதான் இருக்கின்றன.