மருந்தடிக்கக் கெளம்பின மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ளே, தோள்ல ஸ்ப்ரேயர் ஏறிருச்சாட்ட இருக்குது! குச்சிக்கிழங்குக் குருத்தெல்லாம் முட்டைக்கோசாட்டம் சுருண்டு கெடக்குதாமா? அடிங்க, நல்லா அடிங்க. மருந்துக்கடைக்காரரு மாடி வீடு பாதியில நிக்குது. நம்மாளுக மனசு வெச்சாத்தானே மேல்தளம் ஏறும்!

குருத்தைச் சுருட்டற மாவுப்பூச்சி வெவரமானது, மெழுகுச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கும். உங்க மருந்துல மொதல்ல சாகறது அதைக் கொல்ல வந்த குளவிதானுங்க. அனகைரஸ் லோபெசின்னு பேரு, ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 2020ல திருச்சூர்ப் பக்கம் தலைகாட்டின மாவுப்பூச்சி சேலம், நாமக்கல்லுன்னு பரவுனதும், ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து இந்தக் குளவியை வரவழைச்சு, 2022ல ஏத்தாப்பூருல விட்டாங்க. அது பூச்சி வயித்துக்குள்ள முட்டை வெக்கும். புழு உள்ளயே தின்னு வளந்து, பொத்துக்கிட்டு வெளிய வரும்.

வயித்துல குளவி இருக்குதா இல்லியான்னு மொதல்ல வெளிய தெரியாது. முன்னெல்லாம் பூச்சியைப் பாட்டல்ல அடைச்சு, எது பொறக்குதுன்னு காத்திருப்பாங்க. பொறந்ததையும் நுண்ணோக்கியில வெச்சு, ரெக்கை, உணர்கொம்புன்னு பாத்தாத்தான் இன்ன சாதின்னு புரியும். இப்ப பூச்சியை அரைச்சு டிஎன்ஏ எடுத்தாப் போதும், குளவி முட்டையா இருக்கறப்பவே மாட்டிக்கும். சுமார் 650 எழுத்துள்ள சிஓஐ மரபணுத் துண்டுதான் அடையாளம். 2003ல கனடாவுல பால் ஹெபர்ட் கூட்டத்தார் அதுக்கு ‘பார்கோடு’ன்னு பேரு வெச்சாங்க.

நம்ம குளவிக்குள்ளயே முட்டை வெக்கற இன்னொரு குளவிச் சாதியும் உண்டு. ரெண்டும் ஒரே பாட்டல்ல இருந்துதான் பறக்கும். எது நம்மாளு, எது நம்மாளைத் தின்ன ஆளுன்னு அந்த டிஎன்ஏ எழுத்து வெச்சுப் பிரிச்சுச் சொல்லீருவாங்க.

அதுக்காக டிஎன்ஏ சொல்றதே வேதம்னு ஆய்வுக்கூடத்துப் புள்ளைகளும் குதிக்க வேண்டாம். முட்டை உள்ள போச்சுன்னுதான் அது சொல்லும், பொழச்சுதான்னு சொல்லாது. செல மாவுப்பூச்சி அந்த முட்டையைச் சுத்தி ஓடு கட்டி, உள்ளயே கொன்னு போட்டுரும். செத்த முட்டையிலயும் டிஎன்ஏ கெடைக்கலாமுங்க. அதனால பாட்டலையும் தூக்கி எறிஞ்சிராதீங்க கண்ணுகளா.

நீங்க ஸ்ப்ரேயரை எறக்கி வெய்யுங்க மாப்ளே. நாலு சுருண்ட குருத்தை ஒடிச்சு எடுத்துக்கிட்டு ஏத்தாப்பூரு ஆராய்ச்சி நெலயத்துல காட்டுங்க. அவுங்க அடிக்கச் சொன்னா அடிங்க. கடைக்காரரு மாடி எங்கயும் ஓடிப்போகாது.