ஐஸ் டீ அண்ணாச்சி

பங்குனி பிறந்து பாளையங்கோட்டையில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும், ஊருக்குள் ஒரு வகை அண்ணாச்சிமார் தலைகாட்டுவார்கள். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் அதிகம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளியூரில், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு எண் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதுவரை சீனி தூக்கலாகப் பால் காப்பி குடித்துவந்தவர், அன்று சாயங்காலமே பச்சைத் தேயிலைப் பாக்கெட்டோடு வீடு திரும்புவார். மறுநாளிலிருந்து அவர் ஐஸ் டீ அண்ணாச்சி.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "நல்லா இருக்கியளா?" என்று நாம் கேட்டால் பதில் வராது. "நீங்க இன்னும் பால் காப்பிதான் குடிக்கியளா?" என்று எதிர்க்கேள்வி வரும். ஆமாம் என்றால், துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி நம் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்.

அவருடைய டீக்குச் சாஸ்திரம் உண்டு. பச்சைத் தேயிலையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினால் துவர்ப்பெல்லாம் இறங்கிக் கசந்துபோகும். 80 டிகிரி சூடு போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். சொல்வது சரிதான். ஆனால் அதற்கென்று ஒரு வெப்பமானி வாங்கி, அதைப் பாத்திரத்துக்குள் விட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து, "எழுபத்தொம்போது!" என்று அடுக்களையிலிருந்து தெருவரை கேட்க அறிவிப்பார். விரல் நுனியால் சூடு பார்த்தே இத்தனை காலமும் தயிருக்கு உறை ஊற்றிய மதினி, ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்துவிட்டுப் போவார்.

டீ போடுவது அண்ணாச்சி என்றுதான் தெருவில் பேச்சு. துளசி பறிப்பது, புதினா ஆய்ந்து அலசுவது, இஞ்சித் தோல் சீவுவது, எலுமிச்சை பிழிந்து விதை எடுப்பது, கடைசியில் வடிகட்டியைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் மதினி. அண்ணாச்சி பொறுப்பில் இருப்பவை இரண்டு: வெப்பமானி, விளக்கவுரை.

மூலிகை விஷயத்தில் அவருக்கு நிதானம் கிடையாது. தொட்டியில் பச்சையாக எது நின்றாலும் ஜாடிக்குள் போய்விடும். ஓமவல்லி போயிற்று, எலுமிச்சைப் புல் போயிற்று, சாமிக்கு வாங்கிவைத்த மருக்கொழுந்தும் போயிற்று.

"வேப்பிலைக்கட்டி இடிக்க வச்சிருந்த நாரத்தங்கொழுந்தக் காணமே?"

"அந்த மணம் வேற எதுலட்டி வரும்?"

அன்று மதினி தயிர்ச்சோற்றுக்கு வெறும் மிளகாய் வற்றலைத்தான் வைத்தார்.

எலுமிச்சை என்றால் அண்ணாச்சிக்குப் புளியங்குடிப் பழம்தான். தென்காசிப் பக்கம் எலுமிச்சைக்குப் பேர்போன சந்தை அது. பாளை மார்க்கெட்டில் கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். பழம் ஆந்திராவிலிருந்தே வந்திருந்தாலும், "புளியங்குடிதான் அண்ணாச்சி, காலைலதான் இறங்குச்சு" என்பார். அண்ணாச்சி ஒன்றை எடுத்து மோந்துபார்த்து, "பின்னே, தெரியாதா?" என்று பையில் போடுவார்.

சித்திரையில், பச்சைத் தண்ணீரிலேயே தேயிலையை ராத்திரி முழுக்க ஊறவைக்கும் முறையைக் கண்டுபிடிப்பார். ஜாடிக்கு ஃபிரிட்ஜில் இடம் வேண்டுமே! மாவுச்சட்டி வெளியே வரும். விடியும்போது மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கும். புளித்த தோசையை, "இது குடலுக்கு நல்லது" என்று சொல்லி நாலு சாப்பிட்டு எழுந்திருப்பார்.

விருந்தாளி வந்தால்தான் கச்சேரி களைகட்டும். கண்ணாடி டம்ளர், அதில் ஐஸ், விளிம்பில் எலுமிச்சை வட்டம், மேலே ஒரு புதினாக் கொழுந்து. ஆனால் உடனே குடித்துவிட முடியாது. 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்யப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் யாரும் சூடான டீயைச் சீந்தாததால் ஐஸைப் போட்டுக் கொடுத்தார், அப்படித்தான் ஐஸ் டீ பிறந்தது என்ற கதையைக் கேட்டாக வேண்டும். கதையும் ஐஸும் ஒரே நேரத்தில் முடியும்.

1879இலேயே வர்ஜீனியாவில் மேரியன் டைரீ தொகுத்த சமையல் புத்தகத்தில் ஐஸ் டீ உண்டு என்றும், அதுவும் பச்சைத் தேயிலையில்தான் என்றும், அந்த அம்மாள் கொதிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றச் சொல்கிறார் என்றும் ஒருநாள் மருமகன் வாய்விட்டுவிட்டார். அண்ணாச்சி வெப்பமானியைத் துடைத்து உறையில் போட்டபடி, "அது அந்த ஊர்த் தண்ணி. நம்மது தாமிரபரணி" என்றார்.

"எல்லாம் நம்ம மாஞ்சோலைத் தேயிலை" என்றும் பெருமை பேசுவார். பாக்கெட்டைத் திருப்பினால் அஸ்ஸாம் என்று இருக்கும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மாஞ்சோலை மலையில், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024இல் எஸ்டேட் வேலை நின்றுபோனது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் திகைத்து நின்ற சேதி பேப்பரில் பெரிதாக வந்தது. அண்ணாச்சி பேப்பரில் படிப்பது ஆரோக்கியப் பக்கம் மட்டும்.

சாயங்காலம் டவுனுக்குப் போய் நெல்லையப்பரைக் கும்பிட்டு வெளியே வந்தால், எதிரே இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசை. அதில் அண்ணாச்சி. கேட்டால், "பேரனுக்கு" என்பார். பேரன் இருப்பது சிகாகோவில்.

இவ்வளவு சொன்னாலும், அந்த டீயில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள், வெப்பமானி வேண்டாம். நாலு டீஸ்பூன் பச்சைத் தேயிலை, ஒரு துண்டு தட்டிய இஞ்சி போட்டு மூடி, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சூட்டோடு கொஞ்சம் கருப்பட்டி கரைக்கலாம். நன்றாக ஆறிய பிறகு ஒரு எலுமிச்சை பிழிந்து, ஒரு கைப்பிடி புதினாவைக் கசக்கிப் போட்டுக் குளிரவையுங்கள். எலுமிச்சைத் தோலை ஊறவிட்டால் கசக்கும். சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வடிகட்டியை நீங்களே கழுவுங்கள். குடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருங்கள்.