களியக்காவிளைக்கு அப்பால்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழர் ஊருக்கு எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்கும். ஹோட்டலில் உட்கார்ந்ததும் 'வெள்ளம் வேணோ?' என்று கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வருவது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புக் குடிநீர். வாசற்கதவில் 'பட்டியுண்டு' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது கிராமமல்ல, நாய்.

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் இந்த வெளிநாடு, திருவிதாங்கூர் இருந்த காலத்தில் நாஞ்சில் நாட்டுக்காரர்களின் தலைநகரம். 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. படிப்புக்குத் திருவனந்தபுரம் பழைய ஊர். இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ் 1866-இலிருந்து நடக்கிறது; பல்கலைக்கழகம் 1937-இல் வந்தது. அந்தக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்தே தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. தமிழ்நாடு எழுந்து நின்று பாடுவது ஒரு திருவனந்தபுரம் வாத்தியாரின் பாட்டைத்தான். எழுத்தாளர் நகுலன் ஆங்கிலம் நடத்தியதும், ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடையைக் கவனித்துக்கொண்டே கதை எழுதியதும் இங்கேதான்.

தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லில் சுருட்டி எழுப்பிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி ஏறி, காலியான மேசை எங்கே வாய்க்கிறதோ அங்கே உட்கார வேண்டும். மசால் தோசையைப் பிட்டால் உள்ளே பீட்ரூட். ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் பதறவேண்டாம், பழகிவிடும். டிசம்பர் வந்தால் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. கழுத்தில் அட்டை தொங்க, ஈரானியப் படத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள், ரஜினி படத்து முதல் காட்சிக்கு நிற்பதுபோல. விசில் மட்டும் இல்லை.

நவராத்திரி மண்டபத்தில் கைதட்டலும் இல்லை. கோட்டைக்குள் இருக்கும் இந்த மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள். ஒவ்வொரு நாளுக்கும் ராகம் முன்பே வகுக்கப்பட்டது. வெளியூர் ரசிகர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டுத் தலையைச் சொறிவதாகச் சமாளிப்பார். அங்கே பெண் குரல் முதன்முதலாக ஒலித்தது 2006-இல், பாறசாலை பொன்னம்மாளுடையது. அதுவரை சரஸ்வதிதான் ஒரே விதிவிலக்கு.

அந்த சரஸ்வதியும் உள்ளூர்க்காரி அல்ல. பழைய தலைநகரான பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் அழைத்து வரப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். எல்லையான களியக்காவிளையில் இரு மாநிலப் போலீஸும் மரியாதை செலுத்துகின்றன. அதே களியக்காவிளையை, மடியில் பையோடு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிறவர்களை யாரும் எழுப்புவதுகூட இல்லை.