மறுபக்க மீமாம்சை

1. விஷயம்

நார்வே நாட்டின் மேற்குக் கரையில் மலைகளைப் பிளந்துகொண்டு கடல் உட்புகுந்து கிடக்கும் ஃபியோர்டுகள் என்னும் நீர்வழிகளைத் தரிசிக்கும் பொருட்டு, பெரும்பொருள் செலவிட்டுச் சொகுசுக் கப்பலில் ஏறும் யாத்திரிகர் ஒவ்வொருவரையும், கப்பல் துறையை விட்டு நீங்கிய கணம் முதல் வாட்டத் தொடங்கும் பிரச்சினை ஒன்று உண்டு. கடல் கொந்தளிக்குமா என்பதன்று அது. மழை பெய்யுமா என்பதுமன்று. ஏனெனில், ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் மழை காணும் பெர்கன் நகரத்தில் இறங்கி ஏறியவர்களுக்கு அந்த ஐயம் துறையிலேயே தீர்ந்துவிடுகிறது. "நல்ல காட்சி எந்தப் பக்கம் வரும்?" என்பதே அப்பிரச்சினை.

இதனை அற்பமென்று ஒதுக்குவோர், இடப்பக்க அறையை எடுப்பதா வலப்பக்க அறையை எடுப்பதா என்பது குறித்து, அதுவரை ஒருமனப்பட்டு வாழ்ந்த தம்பதிகள் தம்முள் பேச்சொழிந்து இருப்பதைக் கண்டறியாதவர். 1875-ஆம் ஆண்டில் தாமஸ் குக் நிறுவனத்தார் ஐரோப்பாவின் வடகோடி முனையென வழங்கப்படும் நோர்ட்காப்புக்கு யாத்திரிகர் கூட்டத்தை அழைத்துச் சென்ற காலத்திலேயே தோன்றியிருக்கக்கூடிய இக்கேள்வியை, சொல், நிலம், மாந்தர், முடிபு என்னும் நான்கு கூற்றால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்

வேறு தேசத்துக் கப்பலில் எழுந்தால் வெறும் ஆசையாக நின்றுவிடும் இக்கேள்வி, நார்வேயில் எழும்போது சரித்திர கௌரவம் பெறுகிறது. ஏனெனில், கப்பலுக்குப் பக்கம் வகுத்துப் பெயரிட்ட பெருமையில் பெரும் பங்கு அந்நாட்டு முன்னோர்க்கே உரியது. வைக்கிங்குகளின் மரக்கலத்தில் சுக்கான் பின்தலையின் நடுவில் அமைந்ததில்லை. வலப்புறத்தில் ஒரு பெருந்துடுப்பாகத் தொங்கியது. ஓஸ்லோ ஃபியோர்டின் மேற்குக் கரைப் பகுதியில் புதைமேடுகளைத் தோண்டியபோது வெளிப்பட்ட கோக்ஸ்டாட், ஓசெபெர்க் என்னும் கப்பல்களில் இவ்வமைப்பு காணப்பட்டது. சுக்கான் தொங்கிய பக்கம் 'ஸ்டீர்போர்டு' ஆயிற்று. சுக்கானைப் பிடித்து நின்றவன் எப்பக்கத்துக்கு முதுகு காட்டினானோ அப்பக்கம் 'பாபோர்டு' ஆயிற்று. ஆகவே, கப்பலின் இடப்பக்கம் என்பது பெயரளவிலேயே முதுகுப்பக்கம். அதாவது, காணாமற்போகும் காட்சிகளுக்கென்றே ஆதியில் ஒதுக்கப்பட்ட பக்கம் என்று கொள்ளவும் இடமுண்டு.

வலப்பக்கத்தை ஆங்கிலேயர் 'ஸ்டார்போர்டு' என்று வழங்கினர். இடப்பக்கத்துக்கோ 'லார்போர்டு' என்று பெயரிட்டு, புயற்காற்றில் கூவினால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதைக் காலந்தாழ்த்தி உணர்ந்து, 1844-ஆம் ஆண்டில் கடற்படைத் தலைமையின் ஆணையால் பின்னதை நீக்கி 'போர்ட்' என்று மாற்றிக்கொண்டனர். வலப்பக்கத்துக்குப் பச்சை விளக்கு, இடப்பக்கத்துக்குச் சிவப்பு விளக்கு என்பது இன்றைக்கும் கடல்வழிச் சட்டம். பச்சை எரியும் பக்கமே உத்தமம் என்று வாதிக்கும் யாத்திரிகர் சிலரை யாம் சந்தித்ததுண்டு. அன்னார் கரையில் மோட்டார் ஓட்டிப் பழகியவர் என்பது பின்னர்த் தெரியவந்தது.

பக்கத்தால் மனிதரின் அந்தஸ்து நிர்ணயமாகும் என்பதற்கு இந்தியாவோடு தொடர்புடைய சான்று ஒன்றும் காட்டப்படுவதுண்டு. லண்டனிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பி அண்ட் ஓ நிறுவனக் கப்பல்களில், வரும்போது இடப்பக்கத்திலும் திரும்பும்போது வலப்பக்கத்திலும் வெயில் தாக்காத அறைகளைப் பெற்ற செல்வர்களின் சீட்டில் அப்பக்கங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் நான்கை முத்திரையிட்டனரென்றும், அவ்வெழுத்துகள் சேர்ந்தே பகட்டைக் குறிக்கும் 'போஷ்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்ததென்றும் கூறுவர். கதை அழகானது, குறை ஒன்றுதான். அத்தகைய முத்திரை பெற்ற சீட்டு ஒன்றுகூட ஆராய்ச்சியாளர் கையில் அகப்பட்டதில்லை. ஆயினும், சீட்டே இல்லாத அந்தக் கதை இத்தனை தூரம் பிரயாணம் செய்திருப்பதிலிருந்து, தனக்குக் கிட்டியது சரியான பக்கந்தானா என்ற கவலை மனித ஜாதிக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது பெறப்படும்.

3. நிலம்

ஃபியோர்டு என்பது ஆறன்று, ஏரியுமன்று. பனியுகத்தில் மலை முகட்டிலிருந்து கடலை நோக்கி நகர்ந்த பனிப்பாறைப் பெருக்கு, தன் வழியிலிருந்த பள்ளத்தாக்கைக் குடைந்து ஆழமாக்கி, பக்கங்களைச் செங்குத்தாகச் செதுக்கிவிட்டு உருகி மறைந்தபின், அக்குடைவில் கடல் வந்து குடியேறிய இடம் அது. பனியின் வலிமை உள்நாட்டில் மிகுந்தும் கடல்வாயில் மெலிந்தும் இருந்தமையால், ஃபியோர்டுகள் பலவும் உள்ளே பாதாளமாகவும் வாயிலில் ஆழங்குறைந்தும் அமைந்தன. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் சோக்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டருக்கும் அதிகம். வாயிலிலோ அது ஏறத்தாழ நூறு மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பிரதான பள்ளத்தாக்கின் அளவுக்கு ஆழமாகக் குடையப்படாத கிளைப் பள்ளத்தாக்குகள் பாதி உயரத்தில் தொங்கி நிற்க, அவற்றின் நீர் போக்கிடமின்றி அங்கிருந்து குதிப்பதே யாத்திரிகர் வாய்பிளந்து நோக்கும் அருவிகளுக்குக் காரணம்.

இவற்றுள் நம் விசாரத்துக்குச் சாலப் பொருந்துவது கெய்ராங்கர் ஃபியோர்டு. 15 கிலோமீட்டர் நீளமுள்ள இதனையும், ஓரிடத்தில் 250 மீட்டர் அகலமே உடைய நேரோய் ஃபியோர்டையும், 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தார் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றனர். கெய்ராங்கருக்குள் கப்பல் கிழக்கு நோக்கி நுழையும்போது, இடப்பக்கத்தில், ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்திலிருந்து ஏழு கூறாகப் பிரிந்து விழுகிறது 'ஏழு சகோதரிகள்' என்னும் அருவி. பனி உருகும் கோடையின் முற்பகுதியில் எழுவரும் காட்சி தருவர். கோடை முதிர முதிர நால்வரோ ஐவரோ எஞ்சுவர். அக்காலத்தில் யாத்திரிகர் தமக்குள் எண்ணிக்கை தகராறு செய்துகொள்வது வழக்கம்.

அதற்கு நேர் எதிரே, வலப்பக்கத்துப் பாறையில், 'பெண் கேட்க வந்தவன்' என்னும் பொருள்படும் பெயருடைய வேறோர் அருவி விழுகிறது. சகோதரியர் எழுவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பெண் கேட்டு, எழுவரும் மறுக்கவே மதுப்புட்டியில் ஆறுதல் கண்டானென்றும், அருவியின் நடுவில் புட்டி வடிவம் தோன்றுவது அதனாலென்றும் அவ்வூரார் கதை சொல்வர். ஒரு கரையில் ஏழு பெண்களும் மறுகரையில் ஏமாந்த ஓர் ஆணும் நிற்க, இடையே கப்பலில் செல்பவன் யாரைப் பார்ப்பது, யாருக்கு முதுகு காட்டுவது என்பது தர்ம சங்கடமேயன்றோ? போதாக்குறைக்கு, அவ்வலப்பக்கத்துப் பாறையின்மேல் ஸ்காகெஃப்லோ என்னும் கைவிடப்பட்ட பண்ணை வீடு கழுகுக் கூடுபோல் ஒட்டியிருக்கிறது. வரி வசூலிக்க அதிகாரி வரும் செய்தி தெரிந்ததும் அவ்வீட்டார் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. வரி செலுத்தும் வர்க்கத்தினரான யாத்திரிகர் அருவியைவிட அந்த ஏணி இருந்த இடத்தையே அதிக சிரத்தையோடு தேடுவதை யாம் நேரில் கண்டோம்.

4. மாந்தர்

கப்பலின் மேல்தளத்தில் நின்று ஒலிபெருக்கியின் அறிவிப்பைக் கேட்போரை மூவகையாகப் பகுக்கலாம். பிடித்த கம்பியை விடாமல் நின்ற இடத்திலேயே நிற்பவர் ஸ்தாவரர். "இடப்பக்கம்" என்றதும் இடப்பக்கமும் "வலப்பக்கம்" என்றதும் வலப்பக்கமும் ஓடுபவர் ஜங்கமர். இரு பக்கத்தையும் ஒருங்கே ஆளும் எண்ணத்தோடு அணியம் என்னும் முன்தலையில் போய் நின்று, எதிர்க்காற்றில் கண் கலங்கி ஒரு பக்கத்தையும் காணாதவர் உபயர்.

இவர்களுள் ஜங்கமர் நிலையே பரிதாபத்துக்குரியது. அறிவிப்பைக் கேட்டு, காமிராவைத் தூக்கிக்கொண்டு, நீச்சற்குளத்தைச் சுற்றி, சாய்வு நாற்காலிகளைத் தாண்டி மறுபக்கம் சேர்வதற்குள், அங்கு முன்னரே நின்ற ஸ்தாவரரின் முதுகுகள் மூன்று வரிசையாக மலைக்கு முன்னொரு மலையாக எழுந்துவிடுகின்றன. முதுகு தரிசனம் முடியுமுன் அடுத்த அறிவிப்பு பழைய பக்கத்துக்கு அழைக்கிறது. இத்தனை பேர் ஒருசேர ஒரு பக்கம் ஓடினால் கப்பல் சாயாதா என்று அஞ்சும் நல்லுள்ளத்தினருக்கு ஒரு கணக்கு: மூவாயிரம் பேர், ஆளுக்கு 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 225 டன், பல்லாயிரம் டன் எடையுள்ள பெருங்கப்பலுக்கு இது யானைமேல் இருந்த பாகன் சற்றே நகர்ந்து உட்கார்ந்தது போலாகும்.

இனி, பால்கனியோடு கூடிய அறையை மிகுந்த விலைக்கு வாங்கியோர் ஒருபுறமிருக்க, சன்னலே இல்லாத உள்ளறையைக் குறைந்த விலைக்கு வாங்கியோர் நிலையையும் நோக்குதல் வேண்டும். பால்கனிக்காரர், கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று, தமக்குச் சொந்தமான ஒரு பக்கத்தையே காலைமுதல் மாலைவரை பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளறைவாசியோ, அறையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமையால் வெளியேறி, இரு பக்கத்துக்கும் உரியவராகிறார். உடைமை மிக மிகக் காட்சி குறையும் என்னும் விதி இவ்வாறு பெறப்படுகிறது.

இவ்விதிக்குச் சக்கரவர்த்திகளும் விலக்கல்லர். ஜெர்மானியக் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1889 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் கோடையில் தம் சொந்தக் கப்பலில் நார்வேக் கரையில் உலாவியவர். 1904-இல் ஓலேசுண்டு நகரம் தீக்கிரையானபோது உதவிக் கப்பல்களை அனுப்பி அந்நாட்டாரின் நன்றியைப் பெற்றவர். கப்பலும் தமது, காப்டனும் தம் ஊழியன் என்னும் நிலையில், அவர் நின்ற பக்கமே நல்ல பக்கம் என்று அனைவரும் ஒப்பியிருப்பார்கள். 1914 ஜூலையில் ஐரோப்பா யுத்தத்தின் விளிம்பில் நின்றபோதும் அவர் அந்த நீரில்தான் மிதந்துகொண்டிருந்தார். ஒரு பக்கத்து அழகில் தோய்ந்தவர் தம் முதுகுப்பக்கத்தில் நடப்பதைக் காணார் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

5. பூர்வபட்சமும் சித்தாந்தமும்

சாஸ்திர விசாரத்தில் எதிராளியின் கொள்கையைப் பூர்வபட்சம் என்பர். பட்சம் என்ற சொல்லுக்கே பக்கம் என்று பொருளிருப்பதால், எந்தப் பக்கம் என்ற ஆராய்ச்சியில் பூர்வபட்சம் முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டது என்பதைக் காண்க.

பூர்வபட்சி கூறுவதாவது: "இக்கரைக்கு அக்கரை பச்சை என்று முன்னோர் சொல்லிவைத்தது போதாதா? இதற்கு ஒரு மீமாம்சை எதற்கு?" என்பது. இதனை மறுக்கிறோம். அப்பழமொழியைச் சொன்னவர் ஒரு கரையில் நின்றவர். அவருக்கு அக்கரை ஒன்றே, ஏக்கமும் ஒன்றே. ஃபியோர்டின் நடுவே மிதப்பவனுக்கோ இக்கரை என்பதே கிடையாது, இரண்டும் அக்கரை. ஆதலின் அவனது ஏக்கம் இரட்டிக்கிறது. நிலத்தில் வாழ்வோர்க்கு அமைந்த பழமொழியை நீர்வழிப் பிரயாணிக்குப் பொருத்துவது அதிவியாப்தி என்னும் குற்றமாகும்.

பக்கமே இல்லாத காட்சியும் உண்டே என்று ஆட்சேபிப்பாரும் உளர். உண்மை. 307 மீட்டர் உயரமுள்ள நோர்ட்காப் பாறையருகே, மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை சூரியன் அஸ்தமிப்பதில்லை. கிழக்கிலிருந்து தெற்கும், தெற்கிலிருந்து மேற்கும், மேற்கிலிருந்து நள்ளிரவில் வடக்குமாகக் கப்பலை அவனே பிரதட்சிணம் வருகிறான். அங்கே நின்ற இடத்தில் நிற்பவனே பாக்கியவான். இதற்கு நேர்மாறானது கோபன்ஹேகன் துறைமுகம். அங்கே 1913 முதல் பாறைமேல் அமர்ந்திருக்கும், ஒன்றேகால் மீட்டர் உயரமே உள்ள கடற்கன்னிச் சிலை கரையிலுள்ளோர்க்கு முகத்தையும் படகில் வருவோர்க்கு முதுகையும் காட்டுகிறது. எந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தாலும் படகுக்காரர்க்கு மறுபக்கமே வாய்க்கும்.

இனிச் சித்தாந்தம். நிலவியல் கூறிய செய்தியை மீண்டும் நினைவுகூர்க. பனி மலையிலிருந்து கடலுக்கு வந்ததேயன்றி மலையை ஊடுருவி மறுபுறம் போகவில்லை. ஆகவே, கெய்ராங்கருக்கு வாய் ஒன்று. மறுமுனை ஒரு சிற்றூரில் முட்டி முடிகிறது. உள்ளே போன கப்பல் அங்கேயே திரும்பி, வந்த வழியே வெளியேறியாக வேண்டும். காலையில் இடப்பக்கக் கம்பியைப் பிடித்து நின்று சகோதரியர் எழுவரைக் கண்டவர், ஓரடியும் நகராமல் அங்கேயே நின்றால், மாலையில் பெண் கேட்டு ஏமாந்தவன் தானே அவர் எதிரில் வந்து நிற்பான். வலப்பக்கத்தில் நின்றவருக்கு முதலில் அவன், பின்னர் அப்பெண்கள். மேலும், இரு சுவரையும் செதுக்கியது ஒரே பனி. ஆகவே ஜங்கமரின் ஓட்டம் முழுவதும் அவித்தையால் விளைந்த வியர்த்த சிரமமே என்பது நிறுவப்பட்டது.

அங்ஙனமாயின், திரும்பும் வேளையில் மேல்தளம் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது? வெளிச்சமின்மையால் அன்று, ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் அங்கே பகல்போல் இருக்கும். காரணம் யாதெனின், அதுவே இரவு விருந்தின் நேரம். காலையில் எந்தப் பக்கம் என்று தவித்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடிய அத்தனை பேரும், காலையில் தவறவிட்ட மறுபக்கம் தாமாகத் தேடாமலே வந்து நிற்கும் அந்த வேளையில், கண்ணாடிச் சன்னலுக்கு முதுகு காட்டியவாறு, புகையூட்டிய சால்மன் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, கெய்ராங்கருக்குச் செல்லும் அன்பர்களே, எந்தப் பக்கத்து அறை கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்; அதன்பொருட்டு வீட்டில் சண்டை வேண்டாம். திரும்பும் மாலையில் மட்டும் இரவு உணவை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.