கிடார் காண்டம்

2020-இன் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் தடுப்பூசி, பொருளாதாரம், அமெரிக்கத் தேர்தல் என்று பெரிய இடத்து விஷயங்களைத்தான் எழுதுவார்கள். அந்த ஆண்டு சென்னை அடுக்ககங்களில் நடந்த கிடார் கலவரத்துக்கு அடிக்குறிப்பில்கூட இடம் கிடைக்காது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே அதைப் பதிவு செய்துவிடுவது நல்லது. பாதிக்கப்பட்டவர்கள் என்றால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு. நான் மறு தரப்பு.

கலவரத்துக்கு வித்திட்டவர் பிரதமர். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு வாசலிலும் பால்கனியிலும் நின்று, கைதட்டியோ மணியடித்தோ மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். நம் ஜனம் கைதட்டலோடு நிறுத்துமா? எவர்சில்வர் தட்டு, கரண்டி, சங்கு, சேகண்டி எல்லாம் வெளியே வந்தன. எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி பூஜை மணியில் ஆரம்பித்துக் குக்கர் மூடியில் முடித்தார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது: வீட்டிலிருந்தபடி சத்தம் எழுப்புவது இனிமேல் தேசத் தொண்டு. பரணில் கிடார் வைத்திருந்த நாங்கள் அதை அரசாணையாகவே எடுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, இரவு 8 மணிக்கு மறுபடி தொலைக்காட்சியில் வந்து 21 நாள் ஊரடங்கு என்றார். மறுநாள் வாரணாசி மக்களிடம் பேசும்போது, மகாபாரதப் போர் 18 நாளில் முடிந்தது, இந்தப் போருக்கு 21 நாள் என்று கணக்கும் கொடுத்தார். '30 நாட்களில் இந்தி' புத்தகங்களைப் பேருந்து நிலையக் கடைகளில் பார்த்தே வளர்ந்த இனம் நாம். 30 நாளில் ஒரு பாஷையே வருமென்றால், 21 நாளில் ஆறு கம்பி வராதா? கல்லூரிக் காலத்தில் வாங்கிய கிடாரைப் பரணிலிருந்து இறக்கினேன். உறைக்குள் ஒரு பல்லிக் குடும்பம் ஏற்கெனவே தனிமைப்படுத்திக்கொண்டு இருந்தது.

"இப்ப எதுக்குடா அதை எறக்குற? ஒரே தூசி. நீ இருமினா பக்கத்து வீட்டுல போன் போட்டுச் சொல்லிடுவாங்க" என்றார் அம்மா. அன்றைய அரசியல் நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தத் தலையங்கமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்ன வைபவத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அன்று நாட்டின் மின்தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. மின்தொகுப்பு படுத்துவிடாமல் நீர்மின் நிலையங்களைக் குறைத்தும் கூட்டியும் பொறியாளர்கள் காப்பாற்றினார்கள். எனக்கு அது பொற்காலம். இருட்டில் வாசித்ததால் யார் வாசிப்பது என்று தெரியாமல், வசவு குடியிருப்பு முழுமைக்கும் பொதுவாக விழுந்தது.

பரணில் கிடார் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். கடைகள் மூடியிருந்தன. ஏப்ரல் 20 முதல் இணைய வணிகர்கள் எல்லாப் பொருட்களையும் விற்கலாம் என்று மத்திய அரசு சொன்னது. 19-ஆம் தேதியே இல்லை, அத்தியாவசியப் பொருட்கள் மட்டும்தான் என்று மாற்றிச் சொன்னது. கிடார் அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. டாஸ்மாக்கின் ஜாதகம் வேறு. மே 7-இல் சென்னை நீங்கலாக மாநிலமெங்கும் திறந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, அடுத்த வாரமே தடை வாங்கி வந்தது. குவார்ட்டருக்காக டெல்லி வரை போய் வாதாட ஆள் இருந்தது. கிடாருக்காக முன்சீப் கோர்ட் படிகூட யாரும் ஏறவில்லை. இத்தனைக்கும் இரண்டுமே அக்கம்பக்கத்தைப் பாட்டுப்பாடித் துன்புறுத்தும் சரக்குதான்.

உலகத்தின் நிலைமை வேறு மாதிரி இருந்தது. 2017-இல்தான் ஓர் அமெரிக்க நாளிதழ் எலெக்ட்ரிக் கிடாருக்கு நீண்ட இரங்கல் கட்டுரை எழுதியிருந்தது. 2018-இல் கிப்சன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இனி கிடாரை அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம் என்று நிபுணர்கள் கையைக் கழுவினார்கள். பிறகு உலகமே 20 விநாடி கையைக் கழுவும் காலம் வந்ததும் கதை தலைகீழானது. ஃபெண்டர் நிறுவனம் தன் இணையப் பாடங்களை மூன்று மாதம் இலவசமாகத் திறந்துவிட்டது; கூட்டம் லட்சக்கணக்கில் வந்து விழுந்தது. 2020-ஐத் தன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆண்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மிகப்பெரிய இசைக்கருவிக் கடைச் சங்கிலியான கிடார் சென்டர், கடன் சுமையால் திவால் மனுவோடு கோர்ட்டுக்குப் போனது. ஊரே கிடார் வாங்கும் வருஷத்தில் கிடார் கடை திவாலாவது எப்படி என்று கேட்காதீர்கள். பொருளாதாரம் படித்தவர்கள் விளக்குவார்கள். விளக்கியபின் இன்னும் புரியாது.

பயிற்சிக்கு வருவோம். ஈ மைனர், ஜி, சி, டி என்று நாலு கார்டு எவருக்கும் வந்துவிடும். உலகப் பாட்டில் பாதியை அதை வைத்தே ஒப்பேற்றலாம். அடுத்து வருகிறது எஃப். இடது கை ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து, முதல் ஃபிரெட்டில் ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மற்ற விரல்களுக்கு வேறு வேலை இருக்கிறது, உதவிக்கு வராது. கிடாரைக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இந்த முச்சந்தியில்தான் விழுந்தார்கள். எனக்கு ஆறு கம்பியில் இரண்டு பேசும், மற்ற நான்கும் 'டொக்' என்று பதவி விலகும்.

மாலை 6 மணி வாக்கில் நான் எஃப்போடு மல்லுக்கட்டும் நேரமும், சுகாதாரத் துறைச் செயலர் அன்றைய எண்ணிக்கையை வாசிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன. "அதைக் கொஞ்சம் நிறுத்துங்க, நம்பர் சொல்றாங்க" என்பாள் மனைவி. நிறுத்துவேன். சென்னை எத்தனை, செங்கல்பட்டு எத்தனை, கோயம்பேடு சந்தைத் தொடர்பு எத்தனை என்று கேட்டுவிட்டு, வீடு மொத்தமும் ஒரு பெருமூச்சு விடும். பிறகு நான் மறுபடி ஆரம்பித்ததும் இரண்டாவது பெருமூச்சு விடும். நோயின் வளைகோட்டைத் தட்டையாக்குவது எப்படி என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. என் முன்னேற்றக் கோடு எவர் தயவும் இல்லாமல் தட்டையாகவே போனது.

முதலமைச்சர் பழனிசாமி ஏப்ரலில், இன்னும் சில நாளில் புதிய தொற்று பூஜ்ஜியமாகிவிடும் என்று நம்பிக்கை தெரிவித்தார். ஜூனில் அதே கேள்வியைக் கேட்டபோது, எப்போது முடியும் என்பது இறைவனுக்குத்தான் தெரியும் என்றார். எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எஃப் எப்போது வரும் என்று வீட்டில் கேட்டபோது நானும் ஏப்ரலில் "ரெண்டு மூணு நாள்ல" என்றேன்; ஜூனில் ஆண்டவனிடம் கோப்பை அனுப்பினேன்.

அந்த ஜூனில்தான் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. சரியாக அப்போது கிடாரின் முதல் கம்பி, இருப்பதிலேயே மெல்லியது, அறுந்தது. கம்பி வாங்க எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் திருமணம், மருத்துவம், இறப்பு என்றுதான் காரணங்கள் இருந்தன. கம்பி அறுந்ததை இறப்பில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். இறந்தவரோடு என்ன உறவு என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். மீதி ஐந்தில் வாசித்தேன். மருத்துவமனைகளே இருப்பதை வைத்து ஓட்டிய காலம், எனக்கு மட்டும் என்ன.

அதே மாதம் கல்வான் மோதல் நடந்தது. குடியிருப்போர் சங்க வாட்ஸாப் குழுவில் சீனப் பொருட்களைப் புறக்கணிக்கும் தீர்மானம் வந்தது. கீழ் வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி இதற்காகவே காத்திருந்தார். "தம்பி, உங்க கிடார் எந்த ஊர்த் தயாரிப்பு? உள்ள லேபிள் இருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று குழுவிலேயே கேட்டார். மாதக்கணக்கில் இரைச்சல் என்ற பிரிவில் கிடைக்காத நீதி, தேசபக்திப் பிரிவில் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. அதை அவர் தட்டச்சு செய்த செல்பேசியே சீனாவுடையது. "சார், உங்க போன் லேபிளையும் கொஞ்சம் பாருங்க" என்றேன். ஜூன் 29-இல் டிக்டாக்கையும் சேர்த்து 59 செயலிகளை அரசு தடை செய்ததோடு தேசத்தின் கோபம் ஒருவாறு தணிந்தது. கிடார் தப்பியது.

இன்னொரு ஆயுதமும் அவர்களிடம் இருந்தது. தொற்று வந்தவர் வீட்டு வாசலில் மாநகராட்சி தகரம் அடித்துக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்கும் அடித்துவிட்டால் நிம்மதி என்று மேல் வீட்டில் ஒரு பேச்சு எழுந்ததாம். அங்கேயே குடியிருந்த ஒரு சிவில் எஞ்சினியர், "தகரம் சத்தத்தை அடக்காது சார், ஸ்பீக்கராக்கிடும்" என்று சொல்லி அதைக் கலைத்தார். அறிவியல் மனப்பான்மை தழைத்த அபூர்வ தருணம்.

நம் வாட்ஸாப் மாமாக்களை மட்டும் நையாண்டி செய்வது நியாயமில்லை. இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் இருந்தார். கிடார் உலகின் தெய்வம் என்று பெயர் வாங்கியவர், 2020 டிசம்பரில் வான் மோரிசன் எழுதிய ஊரடங்கு எதிர்ப்புப் பாட்டைப் பாடி வெளியிட்டார். அடுத்த ஆண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டு கை மரத்துப்போனதாகச் சொன்னார். தடுப்பூசிச் சான்று கேட்கும் அரங்குகளில் வாசிக்க மாட்டேன் என்றும் அறிவித்தார். சுருங்கச் சொன்னால், அவரும் ஒரு வாட்ஸாப் மாமா. கிடார் மட்டும் உயர்ந்த ரகம். குயீன் குழுவின் பிரையன் மே, தன் வானியற்பியல் முனைவர் பட்டத்துக்கு மரியாதை செய்து, தடுப்பூசி எதிர்ப்பாளர்களை மறை கழன்றவர்கள் என்கிற பொருளில் விமர்சித்தார். கிடார் கைவந்தவர்களே இரண்டு கட்சி என்றால், எஃப் வராதவன் எந்தக் கட்சியில் சேர்வது?

ஒரே ஒரு நாள் எல்லாக் கட்சியும் ஒன்றானது. ஆகஸ்ட் 5-இல் மருத்துவமனைக்குப் போன எஸ்.பி.பாலசுப்ரமணியம், லேசான தொற்றுதான், கவலைப்படாதீர்கள் என்று வீடியோவில் சிரித்தபடி சொல்லியிருந்தார். நிலைமை மோசமானதும், ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு அவரவர் இருக்கும் இடத்தில் அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திப்போம் என்று பாரதிராஜா அழைத்தார். தமிழ்நாட்டில் கிடாரைத் தொட்டவன் எவனுக்கும் லட்சியம் ஒன்றுதான்: 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' ஆரம்பம். அன்று பால்கனியில் நின்று அதைத்தான் வாசித்தேன். பாதி ஸ்வரம் வந்தது, பாதி வழியில் நின்றது. லேபிள் கேட்ட அதிகாரி கீழிருந்து விட்டுப்போன இடங்களை வாயால் பாடி நிரப்பினார். முடிந்ததும், "இன்னொரு தரம் வாசிங்க தம்பி" என்றார். மார்ச்சில் தட்டு, ஏப்ரலில் விளக்கு, ஆகஸ்டில் பாட்டு. மூன்றில் இது ஒன்றுதான் யாருக்காக என்று எங்களுக்குத் தெரிந்து செய்தது. செப்டம்பர் 25-இல் அவர் போய்விட்டார்.

ஆண்டு முடிவதற்குள் இன்னோர் அறிவிப்பு பாக்கி இருந்தது. டிசம்பர் 3-இல் ரஜினிகாந்த், ஜனவரியில் கட்சி என்றார். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். டிசம்பர் 29-இல், உடல்நிலை காரணமாகக் கட்சி இல்லை என்றார். கால் நூற்றாண்டாக எதிர்பார்த்தவர்கள் நொந்துபோனார்கள். பரணில் கிடார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அவர் மனசு நன்றாகவே புரிந்தது. அறிவிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது; தொடங்கினால் அது கெட்டுவிடும். அந்த ஆண்டு முழுக்கவே அறிவிப்புகளின் ஆண்டு. 21 நாளில் போர் முடியும், மூன்று நாளில் பூஜ்ஜியம், ஜனவரியில் கட்சி. அறிவிப்புக்கு மசியாமல் இருந்தவை இரண்டுதான், கிருமியும் கிடாரும்.

2021 பிறந்தது, அலுவலகங்கள் கூப்பிட்டன, பழைய பொருள் விற்கும் செயலிகளில் 'அதிகம் உபயோகிக்காதது' என்ற உண்மையான விளம்பரத்தோடு கிடார்கள் குவிந்தன. தேர்தல் வந்தது. 2006-இல் கலர் டிவி, 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று பழக்கப்பட்ட நமக்கு, இம்முறை அ.தி.மு.க. வாஷிங் மெஷின் என்றது, தி.மு.க. இல்லத்தரசிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. விலையில்லா கிடார் தருவோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கீழ் வீட்டு அதிகாரி நோட்டாவுக்குப் போயிருப்பார்.

ஏப்ரல் 6, வாக்குப்பதிவு. வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், கிருமிநாசினி ஊற்றினார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். மே 2-இல் முடிவு வந்தது. பத்தாண்டு ஆட்சி இறங்கியது. அன்று கிடாரை எடுத்து, ஓர் ஆட்சியையே மாற்றி முடித்த அதே விரலை முதல் ஃபிரெட்டில் குறுக்கே வைத்து அழுத்தினேன்.

நான்கு கம்பி பேசியது. இரண்டு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டது. ஜனநாயகத்தில் இது தனிப்பெரும்பான்மை.